போணி ஆகும் வரை

1

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, என்னை அரசாங்க அதிகாரி என்று நினைத்து ஒரு பெண் அழுதுவிட்டாள். நான் அதிகாரி இல்லை. கும்மிடிப்பூண்டியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து, இப்போது நியூசிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருப்பவள். என்னைப் பார்த்து இதுவரை யாரும் பயந்ததில்லை. என் கையிலிருக்கும் ஊசியைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அது வேறு கணக்கு.

அழுதவள் பெயர் ஹெலன். நாங்கள் இருக்கும் ஊருக்கு வெளியே அவளுக்குத் தோட்டம். தக்காளி, பீன்ஸ், பூசணி, மக்காச்சோளம், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் கத்தரிக்காய். சனிக்கிழமை மட்டும் சாலையோரத் தகரக் கொட்டகையைத் திறந்து, அன்று காலை பறித்ததை விற்பாள். இங்கே சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் கத்தரிக்காய் ஷூ பாலிஷ் போட்டதுபோல் இருக்கும். ஒன்று வாங்கினால் ஒரு வீட்டுக்குப் போதும். குழம்பில் போட்டால் எங்கே போனது என்று தேட வேண்டும். ஹெலனுடைய கத்தரிக்காய் சின்னது, காம்பில் முள் உண்டு. முதல் நாள் அந்த முள் விரலில் குத்தியதும், இனி இங்கேதான் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

நவம்பரிலிருந்து ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. மகள் காவ்யாவை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப்போகும் வழி அது. மதியம் எனக்கு டூட்டி என்பதால் சீருடையோடுதான் கிளம்புவேன். கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை தொங்கும். கடை திறப்பதற்கு முன்பே போய், எதிர்ப்பக்கம் மரத்தடியில் காரை நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருப்பேன். ஹெலன் கொட்டகையைத் திறப்பாள், கூடைகளை அடுக்குவாள், விலை எழுதிய பலகையை வெளியே வைப்பாள். நான் இறங்கமாட்டேன். வேறு யாராவது வந்து, ஏதாவது வாங்கிக்கொண்டு போவார்கள். அதற்குப் பிறகு இறங்குவேன். இறங்கியதும் ஒரு பீன்ஸை எடுத்து ஒடித்துப் பார்ப்பேன். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பூச்சி ஓட்டை தேடுவேன். குனிந்து தராசு முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். இதையெல்லாம் வரிசையாக எழுதும்போதுதான் தெரிகிறது, ஹெலன் மேல் தப்பே இல்லை.

அன்று அவள் கொட்டகையைத் திறந்தாள். கூடையை அடுக்கவில்லை. கையில் ஒரு ஃபைலோடு நேராகச் சாலையைத் தாண்டி என் கார் ஜன்னலுக்கு வந்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் தருகிறேன். "எல்லாப் பேப்பரும் இதில் இருக்கிறது. பலகை பெரிதாக இருக்கிறது என்று கவுன்சிலில் இருந்து கடிதம் வந்ததும் பலகையைச் சின்னதாக்கிவிட்டேன். தராசைச் சோதித்துக்கொண்டுவந்தேன். இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கடையை மூடினால் இந்த நிலத்தை எங்களால் வைத்துக்கொள்ள முடியாது." சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

"நான் கத்தரிக்காய் வாங்க வந்தேன்" என்றேன்.

"பிறகு ஏன் ஒவ்வொரு வாரமும் இங்கே உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்?"

இதற்கு ஒரே வார்த்தையில் பதில் உண்டு. ஆனால் அது தமிழில்தான் உண்டு. நான் போணி ஆவதற்காகக் காத்திருந்தேன்.

2

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் மதில் சுவர் முடிகிற இடத்தில் கத்தரித் தோட்டம் ஆரம்பிக்கும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் இரும்பு உருக்குகிற புகை. அந்தப் பக்கம் கத்தரி, வெண்டை, முளைக்கீரை. இலை மேல் லேசாகச் சாம்பல் படிந்திருக்கும், வீட்டில் இரண்டு தண்ணீர் அதிகமாக விட்டு அலசுவோம். தோட்டம் முனிரத்தினம் அண்ணனுடையது. காலையில் ஷிப்ட் மாறும் நேரத்துக்குச் சரியாக வரப்போரம் சாக்கை விரித்து, பறித்ததைக் கொட்டிவிடுவார். நைட் ஷிப்ட் முடித்தவர்கள், மீஞ்சூர்ப் பக்கம் ரயில் பிடிக்கப் போகிறவர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிடும். மார்க்கெட்டுக்குப் போய் வதங்குவதற்கு முன்னால் காய் எங்கள் பைக்குள் வந்துவிடும்.

என் கணவர் அங்கே ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். எனக்கும் நைட் டூட்டி, அவருக்கும் நைட் ஷிப்ட் என்றால் ஒரே பைக்கில் தோட்டத்துக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போவோம். ஒருநாள் நான் முதல் ஆளாகக் காய் வாங்கினேன். அன்று அண்ணனுக்கு எல்லாம் சீக்கிரமே விற்றுப்போனது. அவ்வளவுதான், என் கை ராசியான கை ஆகிவிட்டது. அதற்கு முன்னால் அந்தக் கையைப் பற்றி யாரும் நல்லதாகவோ கெட்டதாகவோ எதுவும் சொன்னதில்லை.

"சிஸ்டர் கைல போணி ஆவட்டும்பா, அப்பறம் எடு" என்று முதலில் வந்த ஆட்களைக்கூட நிறுத்திவைப்பார்.

"ஏன் நைனா, எங்க டப்பு செல்லாதா?" என்று கேட்பார்கள்.

"செல்லும்பா, யாரு இல்லன்னா? ஆனா அன்னிக்கி இந்தம்மா வாங்கினு போச்சு, வெயில் ஏர்றதுக்குள்ள சாக்க மடிச்சிட்டு ஊட்டுக்குப் போயிட்டேன்."

நான் கொடுக்கும் நோட்டைக் கண்ணில் ஒற்றி, தராசுத் தட்டைத் தொட்டுவிட்டு மடியில் சொருகுவார். என் கணவர் பைக்கில் உட்கார்ந்தபடியே குரல் கொடுப்பார். "இன்னா நைனா, ஆஸ்பத்திரில இந்தக் கைக்கு ஊசி போடறதுக்கு மட்டுந்தான் சம்பளம் தர்றாங்க. நீ ராசிக்கு இன்னா தர்ற?" அண்ணன் சிரித்துக்கொண்டே ஒரு கொத்து கறிவேப்பிலையைப் பையில் போடுவார். "இதான் சம்பளம், எட்த்துக்கினு போ." இதுதான் எங்களுக்கு வழக்கம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

3

காவ்யாவுக்கு இரண்டு வயது முடிவதற்குள், அவர் ஷிப்ட் முடித்து வரும் வழியில் ஜி.என்.டி. ரோட்டில் ஒரு லாரி. அன்று எனக்குப் பகல் டூட்டி. எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் வரவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய பிறகு, ஒரு காலை தோட்டத்துக்குப் போனேன். பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டும், அதற்குக் காய் வேண்டும். சாக்கு விரித்திருந்தது, ஆள் யாரும் இல்லை. நான்தான் முதல். முனிரத்தினம் அண்ணன் என்னைப் பார்த்தார், பிறகு காயைப் பார்த்தார். எழுந்து மோட்டார் கொட்டகைக்குள் போய் ஒரு மர ஸ்டூலை எடுத்துவந்து, தோள் துண்டால் தட்டிப் போட்டார்.

"கொஞ்சம் குந்துங்க சிஸ்டர். போணி ஆயிடட்டும்."

அவ்வளவு மரியாதையாக யாரும் என்னை நிறுத்திவைத்ததில்லை. குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். நல்ல கத்தரிக்காயாகப் பொறுக்கி எனக்கென்று தனியாக எடுத்துவைத்தார். வேறு ஆள் வந்து வாங்கிய மறு நிமிடமே அதை என் பையில் போட்டார். அந்த வாரமே மண்வெட்டி பட்டுக் காலைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார். விடிந்ததும் வந்த முதல் கேஸ் அவர்தான். தையல் போட்ட பிறகு ஊசி போட்டது நான். அன்றைய என் முதல் ஊசி அது. அதற்கு ராசி பார்க்க அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். மறுநாள் அவர் சொல்வதற்கு முன்பே நானே போய் உட்கார்ந்தேன். இன்றுவரை எனக்கு எரிச்சல் அதில்தான்.

அந்த ஸ்டூலில் நான் அதிக நேரம் உட்காராமல் பார்த்துக்கொண்டவர் காதர் பாய். பழவேற்காட்டிலிருந்து மொபெட்டில் கருவாடு கொண்டுவந்து தொழிற்பேட்டைப் பக்கம் விற்பவர். எட்டு மணிக்கு மேல் வந்துகொண்டிருந்தவர், அதன் பிறகு விடிந்ததும் வர ஆரம்பித்தார்.

"இன்னாம்மா, இன்னும் ஆவலியா?"

"இல்ல பாய்."

"இந்தாப்பா முனிரத்னம், ஒரு கட்டு கீரை குடு. அந்தப் பொண்ணு நைட்டெல்லாம் கண்ணு முழிச்சினு வந்துகீது, அத்த மொதல்ல அனுப்பு."

கீரையை வாங்கிப் பின்னால் கருவாட்டுக் கூடையில் சொருகிக்கொண்டு போய்விடுவார். இதைப் பற்றி அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒருநாள் நானே, "பாய், உங்க வீட்டில தினமும் கீரையா?" என்று கேட்டேன். "எங்க ஊட்ல எவனும் தொடமாட்டான்மா. ஆடு துண்ணும்" என்றார். எனக்காக அந்த ஆடு இரண்டு வருஷத்துக்கு மேல் கீரை தின்றது.

ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று, சொல்லிக்கொள்ளத் தோட்டத்துக்குப் போனேன். அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. பாய் வரவில்லை, யாருமே வரவில்லை. மீனம்பாக்கம் போக வாடகைக் கார் பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அம்மா வீட்டுக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று கத்தரிக்காய் கேட்டேன். முனிரத்தினம் அண்ணன் ஸ்டூலைப் பார்த்தார், காரைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் அள்ளிப் பையில் போட்டார்.

"காசு வேணாம் சிஸ்டர். கடல் தாண்டிப் போறீங்க. பாப்பாவ நல்லாப் பாத்துக்குங்க."

அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். கவரைப்பேட்டை தாண்டும்போது, காசு வாங்காமல் கொடுத்தால் அது போணி ஆகாது என்பது எனக்கு உறைத்தது. அன்பினால் கொடுத்தாரா, போணியைக் காப்பாற்றக் கொடுத்தாரா என்று ரொம்ப நாள் யோசித்தேன். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது.

4

இங்கே வந்ததும் நிறையப் படிவம் நிரப்பினேன். மணமானவரா, மணமாகாதவரா, பிரிந்தவரா, கணவரை இழந்தவரா என்று கட்டம் கட்டமாக இருக்கும். கடைசிக் கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, கவுண்டரில் இருந்த பெண் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கத்தைத் திருப்பி, தட்டம்மைத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேட்டாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஆங்கிலம் தெரியும் என்று பரீட்சை எழுதி நிரூபித்தேன். அந்தச் சான்றிதழ் இரண்டு வருஷத்துக்குத்தான் செல்லும் என்றார்கள். அதற்குப் பிறகு நமக்கு ஆங்கிலம் தெரியாமல் போய்விடும்போலிருக்கிறது, மறுபடி எழுத வேண்டும். இவ்வளவு நிரூபித்தும், கடையில் போய் 'பிரிஞ்சால்' கேட்டால் யாருக்கும் புரியவில்லை. காவ்யாதான் எக்பிளாண்ட் என்று திருத்தினாள். அதிலிருந்து கடைகளில் எனக்குப் பதில் அவளே பேச ஆரம்பித்தாள். வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆங்கிலத்துக்குப் போய்விட்டாள். தமிழில் பேசினால் பாடம் ஒப்பிப்பதுபோல் இருக்கும். அவளுக்கு அப்பா என்றால் ஹாலில் இருக்கும் ஒரு போட்டோ. அவரைப் பற்றி அவள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மரத்தடியில் காத்திருப்பதைப் பற்றி மட்டும் ஆரம்பத்தில் கேட்டாள்.

"அம்மா, எதுக்கு வெயிட் பண்றோம்?"

"கடை திறக்கட்டும்."

"திறந்துதானே இருக்கு?"

"வேற யாராவது வரட்டும்."

"ஏன்?"

"நீச்சல் டிரஸ் எடுத்துக்கிட்டியா?"

சில வாரத்தில் கேட்பதை நிறுத்திவிட்டுக் காதில் பாட்டு மாட்டிக்கொண்டாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பிள்ளைகள் கேள்வி கேட்பதை நிறுத்துவது நிம்மதி இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

5

ஃபைலோடு நின்ற ஹெலனிடம் திரும்பி வருகிறேன். வேறு வழியில்லாமல், ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே அவளுக்குப் போணியை விளக்கினேன். எங்கள் ஊரில் அன்றைய முதல் வியாபாரம் யார் கையில் நடக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அன்றைய நாள் என்றேன். என் கணவர் இறந்துவிட்டார், அதனால் என் கையில் முதல் வியாபாரம் நடந்தால் உனக்கு நல்லதில்லை என்றேன். பரீட்சையில் வாங்கிய மதிப்பெண்ணெல்லாம் இதற்கு உதவவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. ஆனாலும் நான் இறங்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஹெலன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உன் கணவர் இறந்ததற்கும் என் தக்காளிக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"தெரியாது" என்றேன்.

"நீ முதலில் வந்து வாங்காமல் இங்கே உட்கார்ந்திருந்ததால் நான் வெள்ளிக்கிழமை ராத்திரியெல்லாம் தூங்குவதே இல்லை. இதைவிடக் கெடுதல் உன் கையால் என்ன வந்துவிடும்?"

அப்போது பின் சீட்டிலிருந்து காவ்யா தமிழில் பேசினாள். பாட்டை எப்போது கழற்றினாள் என்று தெரியாது.

"அம்மா, அப்பா செத்துட்டதாலயா நாம கார்லயே உக்காந்திருந்தோம்?"

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்றால் பொய். அதற்குள் ஒரு கிழவர் கொட்டகை வாசலில் வண்டியை நிறுத்தி, ஹெலன் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்த பூசணிக்காயை வாங்கிக்கொண்டு போனார், அன்றைக்குப் பிழைத்தேன். அடுத்த வாரம் முதல் ஆளாக நீதான் வர வேண்டும் என்று சொல்லி ஹெலன் எங்களை அனுப்பிவைத்தாள். நீச்சல் வகுப்பு வரை காவ்யா ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

அடுத்த சனிக்கிழமை மரத்தடியில் நிறுத்தவில்லை. கொட்டகை வாசலிலேயே நிறுத்தினேன். கத்தரிக்காயும் பீன்ஸும் எடுத்தேன். நோட்டைக் கொடுக்கும்போது கை வேர்த்தது. எத்தனையோ பேருக்கு ஊசி போட்ட கை. ஹெலன், முதல் நோட்டை உங்கள் ஊரில் என்ன செய்வார்கள் என்று கேட்டாள். கண்ணில் ஒற்றுவார்கள் என்றேன். அவள் சோப்புப் போடுவதுபோல் நெற்றியில் தேய்த்தாள். காவ்யா சிரித்தாள்.

நாங்கள் மெயின் ரோட்டைத் தொடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

சாதாரண மழை இல்லை. நீச்சல் குளத்தின் தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பேச்சே கேட்கவில்லை. மற்ற அம்மாக்கள் பிள்ளைகள் நீந்துவதைப் பார்த்தார்கள், நான் ஜன்னலைப் பார்த்தேன். திரும்பும்போதும் விடவில்லை. தூரத்திலிருந்தே தெரிந்தது, ஹெலனின் கூடைகள் காலையில் இருந்தபடியே நிறைந்திருந்தன. வாசலில் ஒரு வண்டி இல்லை. முனிரத்தினம் அண்ணன் சரியாகத்தான் ஸ்டூல் போட்டிருக்கிறார் என்று நினைத்தேன். பார்க்காததுபோல் போய்விடலாம் என்று வண்டியை அழுத்தினேன்.

"அம்மா, நிறுத்து" என்றாள் காவ்யா.

நிறுத்தினேன். ஹெலன் போர்வையைப் போர்த்திக்கொண்டு, ஃபிளாஸ்கில் இருந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையை விரித்தாள். "காலையிலிருந்து ஈ காக்கை வரவில்லை. இன்றைக்கு வந்த ஒரே ஆள் நீதான். நீயும் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்தால் எனக்கு ஒரு பீன்ஸ்கூட விற்றிருக்காது."

அவள் முகத்தை நன்றாகப் பார்த்தேன். வலிக்கவில்லை என்று சொல்லும் நோயாளிகளின் முகத்தைப் படிப்பதுதான் என் வேலை. அதில் எதையும் மறைத்த அடையாளம் இல்லை. அவளுக்கு மழை மேல்தான் கோபம். எனக்கு அழுகை வந்தது, மழையில் நின்றதால் சமாளித்துவிட்டேன்.

ஒரு பை நிறையத் தக்காளியை அள்ளி என்னிடம் நீட்டினாள். "எடுத்துக்கொண்டு போ, எப்படியும் அழுகத்தான் போகிறது. காசு வேண்டாம்."

"எடை போடு" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன்போல, அவள் மறுபேச்சு பேசாமல் தராசில் வைத்தாள்.

காரில் ஏறியதும் காவ்யா, "ஃப்ரீயா குடுத்தா ஏன் வேணாம்னே?" என்று கேட்டாள். இந்தத் தடவை நீச்சல் டிரஸ்ஸைப் பற்றிப் பேசவில்லை. வண்டியைக் கிளப்பாமலேயே, ஸ்டூல், காதர் பாய், கீரை தின்ற ஆடு, கடைசி நாள் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கும் முன்னால் என் கை ராசியான கையாக இருந்ததையும், அவள் அப்பா பைக்கில் உட்கார்ந்து "நீ ராசிக்கு இன்னா தர்ற?" என்று கேட்டதையும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன்.

காவ்யா விழுந்து விழுந்து சிரித்தாள். மறுபடி சொல்லு என்றாள், சொன்னேன். அவள் அப்பா சொன்ன ஒன்றுக்கு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கு டூட்டிக்கு நேரமாகிவிட்டது, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

6

போன சனிக்கிழமை நல்ல வெயில். நாங்கள் போனபோது கொட்டகை வாசலில் எங்களுக்கு முன்பே ஒரு வண்டி நின்றது. சேறு படிந்த பூட்ஸோடு ஒருவர் தக்காளியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குச் சுர்ரென்று வந்தது. இத்தனை வருஷமாக யாராவது முந்திப் போகமாட்டார்களா என்று காத்திருந்தவள், அவர் ஏன் முந்தினார் என்று கோபப்பட்டேன்.

ஹெலன் என் காரைப் பார்த்துவிட்டாள். அந்த மனிதர் நீட்டிய பணத்தை வாங்காமல் கையை உயர்த்தினாள்.

"ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளுங்கள். முதலில் அவள் வாங்கட்டும்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அவரிடம் எந்தக் குறையும் இல்லை, கையிலும் பணம் இருந்தது. சரி என்று ஒதுங்கி, தக்காளிப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படி நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். காவ்யாவுக்கும் இப்போது தெரியும். அவள் நேராகக் கொட்டகைக்குள் போய், ஹெலன் உட்காரும் ஸ்டூலைத் தூக்கிவந்து, கையால் தட்டிவிட்டு அவர் பக்கத்தில் போட்டாள். அவர் நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

அன்று நான் எழுதிவைத்திருந்தது கத்தரிக்காய், பீன்ஸ், ஒரு பூசணி. அதையெல்லாம் பொறுக்கி எடுக்க நேரமாகும். பார்த்தேன், கையெட்டும் தூரத்தில் ஏதோ ஒரு கீரை கட்டுக்கட்டாக இருந்தது.

"ஒரு கட்டு கீரை கொடு ஹெலன். அவரை முதலில் அனுப்பு" என்றேன்.

காவ்யா என்னைப் பார்த்தாள். கீரை முற்றல், ஒரே நார். இரண்டு நாள் வைத்துச் சமைத்து நாங்களேதான் தின்று தீர்த்தோம். எங்கள் வீட்டில் ஆடு இல்லை.